கழுவிய பதினைந்தாம் நாளே பிசுபிசுத்த ஸ்கிரீன்: பாம்பன் கரையில் ஒரு மாடி, மூன்று அறைகள்

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே, மன்னார் வளைகுடாப் பக்கம், அலை விழும் இடத்திலிருந்து 200 மீட்டரில் ஒரு வீடு. கீழே குடியிருப்பு. மாடியில், ராமேசுவரம் வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் மூன்று அறைகள். வீடு மாதிரிக்கு வைத்துக்கொண்டது, பழுதுகள் அப்படியல்ல. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கடல் பார்த்த எந்த மாடியில் ஏறினாலும் இவற்றில் பாதியாவது கண்ணில் படும்.

மூன்று அறைக்கும் தை மாதத்தில் ஒரே கடையில், ஒரே தானில் வெட்டிய பாலியெஸ்டர் துணியில் ஸ்கிரீன் தைத்து மாட்டியிருக்கிறார்கள். அறைக்கு இரண்டு ஜன்னல், ஒரு பால்கனிக் கதவு. ஜன்னலுக்கு 5 அடித் துண்டு 12, கதவுக்கு 7 அடித் துண்டு 6, ஆக 18 துண்டுகள். எல்லாம் 48 அங்குல அகலம், தலைப்பில் ஐலெட், அதாவது கம்பி நுழையும் உலோக வளையம், அடித்தது. சதுர மீட்டருக்கு 200 கிராம் துணி என்று வைத்தால், மடிப்பு, ஐலெட் எல்லாம் சேர்த்து 5 அடித் துண்டு ஏறக்குறைய 450 கிராம், 7 அடித் துண்டு 600 கிராம். மொத்தம் 9 கிலோ. இந்தக் கணக்கு பின்னால் தண்ணீர்க் கணக்குக்குத் தேவைப்படும்.

இவை போக, தெற்கு அறைக் கதவில் வெளிச்சம் புகாத, சுருட்டி ஏற்றும் பிளாக்அவுட் ரோலர் பிளைண்ட் ஒன்று, நடு அறை ஜன்னல்களில் கிடைப்பட்டைகளைத் திருகி மூடும் அலுமினிய வெனிஷியன் பிளைண்ட், தெற்குப் பால்கனியில் வெயிலுக்கு ஒரு மூங்கில் திரை.

ஆடி மாதத்தில் வந்த புகார்கள் நான்கு. தெற்கு அறை ஸ்கிரீன், துவைத்து மாட்டிப் பதினைந்து நாள்கூட ஆகாமல் கையில் ஒட்டுகிறது. வடக்கு அறை ஸ்கிரீனில் ஐலெட்டைச் சுற்றிப் பழுப்பு வளையம், கீழ்ப்பகுதியில் கரும்புள்ளி. நடு அறை பிளைண்ட் திருகினால் திரும்ப மறுக்கிறது. ரோலர் பிளைண்ட் பாதி இறங்கி நின்றுவிட்டது.

இரண்டாவது புகாரில்தான் விஷயம் இருக்கிறது. வடக்கு அறை கடலுக்கு முதுகு காட்டியது. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நேராக அடிக்கும் தெற்கு அறையில்தான் துரு முதலில் வர வேண்டும். ஒரே துணி, ஒரே ஐலெட், ஒரே நாளில் மாட்டியது. பின் அறையில் மட்டும் ஏன் இப்படி? அதற்குப் பிறகு வருவோம். முதலில் பிசுபிசுப்பு.

உப்புச் சாடியும் ஸ்கிரீனும்

கச்சான் காலத்தில் அடுப்பங்கரைக் கல்லுப்புச் சாடி கசிந்து நிற்பதைப் பார்க்காத வீடு இந்தக் கரையில் இல்லை. ஸ்கிரீனில் நடப்பதும் அதுவே. சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும். அந்த அளவுக்குக் காற்று காய்வது தீவில் அபூர்வம். ஆகவே உப்பேறிய துணி வெயிலில் எவ்வளவு நேரம் காய்ந்தாலும், கம்பியில் ஏறிய சில மணி நேரத்தில் மறுபடி ஈரம் வாங்கிவிடும். அந்த ஈரத்தில் தூசி ஒட்டுகிறது, மணல் ஒட்டுகிறது, ஐலெட் துருப்பிடிக்கிறது. மதுரையில் ஸ்கிரீன் அழுக்கானால் காரணம் தூசி. இங்கே தூசி பின்னால்தான் வருகிறது. உப்பு அதற்கு முன்பே பாய் விரித்து வைத்திருக்கும்.

சரி, துவைத்தார்களே, உப்பு போயிருக்க வேண்டுமே? இங்கேதான் கிணறு குறுக்கே வருகிறது. காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் போக மிஞ்சாது. லாரித் தண்ணீர் காசு. எனவே ஸ்கிரீன் முதலிலிருந்து கடைசி வரை உப்புத் தண்ணீரிலேயே, அதாவது வீட்டு ஆழ்துளைக் குழாய்த் தண்ணீரிலேயே துவைக்கப்பட்டிருக்கிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, பேனா அளவில் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று இந்த வேலைக்குச் சோப்பைவிட அவசியம். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லை என்றால் 2,000 வரை அனுமதி. கடல் நீர் ஏறக்குறைய 35,000. வீட்டு உப்புத் தண்ணீர் 3,000 காட்டினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். கையால் பிழிந்த துணி, சுமார் தன் எடை அளவு தண்ணீரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். 3 கிலோ துணி என்றால் 3 லிட்டர். கடைசி அலசலும் 3,000 தண்ணீரில்தான் என்றால், அந்த 3 லிட்டர் காய்ந்ததும் துணியில் 9 கிராம் உப்பு தங்கிவிடும். கழுவியது கடலின் உப்பை. ஏற்றியது கிணற்றின் உப்பை. கடைசி அலசல் மட்டும் 400 டிடிஎஸ் உள்ள 30 லிட்டர் நல்ல தண்ணீரில் இருந்தால் அந்த 9 கிராம் சுமார் 1.9 கிராமாகிவிடும்.

உப்புத் தண்ணீரின் இன்னொரு வேலை: அதிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சவுக்காரத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாக இழைக்குள் படியும். நுரை வராததால் இன்னும் கொஞ்சம் சோப்பு போடுவோம். கசடு இன்னும் கூடும். சலவைத் தூளுக்கு இந்தச் சிக்கல் குறைவு, அதற்காக இல்லாமல் போவதில்லை. தெற்கு அறைத் துணியின் மடிப்பு ஓரத்தில் விரல் வைத்துத் தேய்த்தால் வழவழப்பாக வருவது இந்தக் கசடுதான்.

பதினாறு குடத்தில் பதினெட்டுத் துண்டு

நல்ல தண்ணீர் தாராளமாக இருந்தால் எழுத வேண்டிய அவசியமே இல்லை. இல்லாத ஊரில் எப்படிச் செய்வது என்பதே கேள்வி.

ஒரே அலசலில் நிறையத் தண்ணீர் ஊற்றுவதைவிட, அதே தண்ணீரை இரண்டாகப் பிரித்து இருமுறை அலசுவது பல மடங்கு மேல். பிழிந்த 3 கிலோ துணிக்குள் 3 லிட்டர் உப்பு நீர் நிற்கிறது. அதில் 60 லிட்டரை ஒரேயடியாக ஊற்றிப் பிழிந்தால் உப்பில் 21-ல் ஒரு பங்கு மிஞ்சும். 30 லிட்டரில் அலசிப் பிழிந்து, மறுபடி 30 லிட்டரில் அலசிப் பிழிந்தால் மிஞ்சுவது 121-ல் ஒரு பங்கு. தண்ணீர் அதே 60 லிட்டர்தான். நடுவில் ஒருமுறை நன்றாகப் பிழிந்தது செய்த வேலை அது.

9 கிலோவை மூன்று நடையாகப் பிரிக்க வேண்டும். ஒரு நடைக்கு 3 கிலோ. ஊறல், துவைப்பு, முதல் அலசல், இரண்டாம் அலசல் என நான்கு தண்ணீர். ஒவ்வொன்றும் 30 லிட்டர், அதாவது 15 லிட்டர்க் குடத்தில் இரண்டு. மூன்று நடைக்கும் எல்லாமே புதுத் தண்ணீர் என்றால் 24 குடம் ஆகும். முதல் நடையின் முதல் அலசல் தண்ணீரை இரண்டாம் நடைக்கு ஊறல் தண்ணீராகவும், இரண்டாம் அலசல் தண்ணீரை இரண்டாம் நடையின் முதல் அலசலாகவும் திருப்பிவிட்டால், இரண்டாம் நடைக்குப் புதிதாகத் தேவைப்படுவது துவைக்க 2 குடம், கடைசி அலசலுக்கு 2 குடம். மூன்றாம் நடைக்கும் அப்படியே. 8 + 4 + 4, ஆக 16 குடம். அழுக்கு குறைந்த துண்டுகளை முதல் நடையிலும், தெற்கு அறைத் துண்டுகளைக் கடைசியிலும் போட வேண்டும். தலைகீழாகப் போட்டால் ஒருவர் உப்பை எல்லோருக்கும் பங்கு வைத்தது போலாகிவிடும். பின்னால் சொல்லும் துருக் கறைத் துண்டுகளைக் கறை எடுத்த பிறகே இந்த வரிசையில் சேர்க்கலாம்.

16 குடமும் கிடைக்காவிட்டால், துவைப்பை உப்புத் தண்ணீரில் முடித்துவிட்டு அலசல் இரண்டையும் நல்ல தண்ணீரில் வைத்துக்கொள்ளலாம். முதல் ஊறலை நல்ல தண்ணீரிலும் கடைசி அலசலை உப்புத் தண்ணீரிலும் செய்வது, பலரும் செய்வது, வீண்.

மாடித் தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டாயம் என்பதால் குழாய் அமைப்பு பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது, தொட்டிதான் இருக்காது. ஒன்று மட்டும் கவனம்: கோடை முழுவதும் மாடியில் படிந்த உப்பையும் காக்கை எச்சத்தையும் முதல் மழை கழுவிக்கொண்டு வரும். அந்த மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடிக்க வேண்டும்.

இனி வேலை வரிசை. கழற்றும்போதே ஒவ்வொரு துண்டின் உள்மடிப்பிலும் அறை, ஜன்னல் எண்ணை நூலால் தைத்துவிடுவது நல்லது; மார்க்கர் மை கரையும். முதலில் காய்ந்த நிலையில் உதறி, மென்மையான பிரஷால் மேலிருந்து கீழே தட்ட வேண்டும். தீவு மணலில் கிளிஞ்சல் பொடி கலந்திருக்கும். அதைத் துணியில் வைத்துக்கொண்டே நனைத்துக் கசக்கினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி இழை மங்கும். பிறகு வெயில் சோதனை: கண்ணாடிப் பக்கம் நின்ற ஓரத்தை இரு கையாலும் பிடித்து லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். பாலியெஸ்டர், ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலை நன்றாகவே தாங்கும். பருத்தியும் பட்டும் தாங்காது. நைந்த பருத்தி ஸ்கிரீன் கம்பியில் தொங்கும்வரை முழுதாகத் தெரியும், தண்ணீரில் கனம் ஏறியதும் கிழியும். அப்புறம் பழி துவைத்தவர் தலையில்.

அடுத்தது ஊறல். சோப்பு எதுவும் போடாமல், வெறும் நல்ல தண்ணீரில் (இரண்டாம், மூன்றாம் நடைக்கு முந்திய நடையின் அலசல் தண்ணீரில்) அரை மணி நேரம். நடுவில் இரண்டு முறை அமுக்கிவிட வேண்டும். முதல் நடையில் இந்தத் தண்ணீரை மீட்டரில் அளந்தால் துணி எவ்வளவு உப்பு சுமந்தது என்று தெரிந்துவிடும். 400 இருந்த 30 லிட்டர் 1,000-க்கு ஏறினால், லிட்டருக்கு 600 மில்லிகிராம், மொத்தம் 18 கிராம். சோப்பு கலந்த தண்ணீரை அளக்கக் கூடாது. மீட்டர் சோப்பையும் உப்பாகவே எண்ணும். கடைசி அலசல் தண்ணீரின் அளவு, ஊற்றிய தண்ணீரைவிட 100-க்கு மேல் ஏறாமல் இருந்தால் வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

துவைக்கும்போது 10 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி திரவ சோப்பு போதும். இயந்திரத்தில் போட்டால் மென்துணிச் சுழற்சி, குளிர்ந்த நீர், நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு மேல் போகாத சுழல் வேகம். ஐலெட் உள்ள தலைப்பைச் சுருட்டி ஒரு பழைய தலையணை உறைக்குள் விட்டுக் கட்டிவிட வேண்டும். ஐலெட் தொட்டியில் மோதி மோதி முலாம் உரிந்தால், துரு அங்கிருந்துதான் பிறக்கும். இந்த வீட்டுத் துருவில் ஒரு பங்கு, இயந்திரத்திலேயே விதை போட்டது.

காயவைப்பது தனிக் கலை. ஆனி, ஆடியில் தென்மேற்கே பார்த்த மொட்டை மாடியில் ஈரத் துணியைக் காயப்போட்டால், கச்சான் அதன்மேல் உப்பைத் தூவி உலர்த்திக் கொடுக்கும். வீட்டின் காற்று மறைவில், வடகிழக்குப் பக்கத்தில், நிழலில் காய வேண்டும். ஐலெட் பக்கம் மேலே இருக்கும்படித் தொங்கவிட்டால் தண்ணீர் ஐலெட்டை விட்டு விலகி இறங்கும். ஒவ்வொரு ஐலெட்டையும் உடனே காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். ஈரத்தோடு கம்பியில் மாட்டினால் சுருக்கம் தானாக நீங்கும் என்பது பொதுவான அறிவுரை. மலையூருக்குச் சரி. இரும்புக் கம்பி உள்ள கடலோர வீட்டில் அதைச் செய்யக் கூடாது.

கருவாடு காயப்போடும் பக்கத்து வீடுகளில் துவைத்த பிறகும் ஒரு வாடை நிற்கும். மீன் வாடையைத் தரும் அமீன்கள் புளிப்பில் அடங்கும். கடைசி அலசலுக்கு முந்திய தண்ணீரில் 10 லிட்டருக்கு அரை டம்ளர் வெள்ளை வினிகர் விட்டால் போதும்.

பின் அறையின் பழுப்பு வளையம்

வடக்கு அறை ஸ்கிரீனைக் கழற்றி விரித்தால் கறை மூன்று விதமாகத் தெரிகிறது. ஐலெட்டைச் சுற்றி வட்டம். அதற்குச் சற்றுக் கீழே, துணியின் அகலம் முழுவதும் ஓடும் மங்கலான பழுப்புப் பட்டை. முழங்கால் உயரத்துக்குக் கீழே கரும்புள்ளிகள். காற்றில் வந்த உப்பு இப்படிப் பட்டை போடாது. எல்லா இடத்திலும் பரவலாகத்தான் படியும். பட்டை என்றால் ஈரமான ஏதோ ஒன்று கம்பியின்மேல் கிடந்து, அதன் தண்ணீர் இரும்பைத் தொட்டுத் துணியில் இறங்கியிருக்கிறது.

அறையில் தங்குகிறவர்கள் அக்னி தீர்த்தத்தில் கடலில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈர வேட்டி சேலையோடு திரும்பி வருகிறார்கள். மற்ற இரண்டு அறைகளுக்கும் பால்கனியில் துணி காயப்போடும் கொடி உண்டு. வடக்கு அறைப் பால்கனியில் கொடி கட்டவில்லை. கிடைத்த ஒரே கம்பி ஸ்கிரீன் கம்பி. கடல் உப்பு கலந்த ஈரம் சொட்டும் சேலை இரவு முழுவதும் அதில் காய்ந்திருக்கிறது, ஒரு நாள் அல்ல, அறைக்கு ஆள் வந்த நாளெல்லாம். காற்று மெல்ல மெல்லக் கொண்டுவரும் உப்பை ஒரு ஈரச் சேலை ஒரே ராத்திரியில் கொடுத்துவிடும். சொட்டிய ஈரம் கீழே தேங்கி, உடல் எண்ணெயும் தூசியும் கூடியதில் பூஞ்சை பிடித்திருக்கிறது. பாலியெஸ்டர் இழையைப் பூஞ்சை தின்னாது, அதன்மேல் படிந்ததைத் தின்னும்.

இது தெரியாமல் நடந்த முதல் வைத்தியம், பழுப்பு வளையத்தில் குளோரின் பிளீச் விட்டது. துருக்கறைக்குப் பிளீச் விடுவது எண்ணெய்த் தீயில் தண்ணீர் விடுவது போன்றது. குளோரின், இரும்பை இன்னும் ஆக்சைடாக்கிக் கறையைக் கெட்டிப்படுத்தும். பருத்தி கலந்த துணியாக இருந்தால், இரும்பு இருக்கும் இடத்தில் பிளீச்சின் வேகம் கூடி இழை நைந்து ஓட்டை விழும். ஐலெட்டைச் சுற்றி மட்டும் துணி கிழிந்த ஸ்கிரீன்களில் பலவற்றுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

சரியான வரிசை: துரு முதலில், பூஞ்சை அடுத்து, துவைப்பு கடைசியில். வரிசை மாறக் கூடாது. பூஞ்சைக்குப் போடும் ஆக்சிஜன் பிளீச்சும் (குளோரின் இல்லாத வகை) இரும்பைத் தொட்டால் வேகமெடுத்துத் துணியைக் கடிக்கும். சலவைத் தூளின் காரமும் துருவை இழையில் இறுக்கும்.

துருவுக்கு முதலில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் 30 கிராம். உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்த பிறகு, கறையை மட்டும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் 20 நிமிடம் முக்கி வைத்து அலச வேண்டும். புதுக் கறை இரண்டு முறையில் போய்விடும். பிளீச் பட்டுக் கெட்டியானது போகாது. அதற்கு ஆக்ஸாலிக் ஆசிட். ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, பத்து நிமிடம், மூன்று முறை அலசல், கடைசியில் ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்த தண்ணீர். இது விஷம். கையுறை வேண்டும், சமையல் பாத்திரம் கூடாது, மிச்சத்தைத் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. உப்புத் தண்ணீரில் இதைக் கரைத்தால் அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிவிடும். வேலையும் நடக்காது, துணியிலும் வெள்ளைப் பூச்சு. மொசைக் தரையில் சொட்டினால் அந்த இடம் மங்கிவிடும், எனவே கழிவறையிலோ வெளியிலோ வைத்துச் செய்ய வேண்டும். குளோரின் பிளீச் விட்ட துணியை நன்றாக அலசாமல் எந்த ஆசிட்டும் தொடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

கரும்புள்ளிக்கு ஆக்சிஜன் பிளீச் பொடி, 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு மணி நேரம். புள்ளி முழுதும் மறையாவிட்டாலும் வாடை போய்விடும். பழைய புள்ளியின் நிழல் சில சமயம் நிற்கும். அதை விரட்டுகிறேன் என்று துணியைக் கொல்ல வேண்டாம்.

ஐலெட்டை என்ன செய்வது? காந்தம் வைத்தால் ஒட்டுகிறதா பார்க்க வேண்டும். ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு; இன்று துடைத்தால் அடுத்த கச்சானில் மறுபடி வரும். ஸ்கிரீன் தைப்பவரிடம் கொடுத்து, இரும்பு ஐலெட்டைப் பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக் வளையத்தை அதே துளையில் அழுத்தி மாட்டலாம். பித்தளை ஒட்டாது; பச்சைக் களிம்பு விடும், ஆனால் துணியைத் தின்னாது.

கம்பியின் கதை இன்னும் எளிது. பாம்பன் பழைய ரயில் பாலம் 1914-ல் திறந்தது. அரிப்பு காரணமாக 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் வேண்டியிருந்தது. குரோம் முலாம் பூசிய ஸ்கிரீன் கம்பி எத்தனை நாள் தாங்கும் என்று அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. கடையில் எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு, என்று சொல்லித் தரும் கம்பிகளில் நிறைய 202 வகை. இந்தக் காற்றில் பழுப்பாகும். 304 அதைவிடத் தேவலை, ஆனாலும் தேநீர்க் கறை போல் படரும். மாலிப்டினம் கலந்த 316 தாங்கும், ஸ்கிரீன் கம்பியாகக் கிடைப்பது கடினம். காந்தம் 202-ஐயும் 304-ஐயும் பிரித்துக் காட்டாது. பவுடர் பூச்சுள்ள அலுமினிய டிராக், நைலான் ரன்னர், பிளாஸ்டிக் கொக்கி: இந்தக் கரைக்கு இதுதான் நிம்மதி. சுவரில் ஏறும் திருகு மட்டும் துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிராக் பளபளவென்று இருக்கும், அதன் கீழே சுவரில் பழுப்புக் கண்ணீர் இறங்கும்.

மற்றவை

ரோலர் பிளைண்ட் நின்றதற்குக் காரணம், ஈரத் துணியால் துடைத்துக் காயும் முன்னே சுருட்டியது. பிளாக்அவுட் துணியின் முதுகில் இருப்பது அக்ரிலிக் நுரைப் பூச்சு. ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்று அழுந்தினால் ஒட்டும். சங்கிலியை இழுத்துப் பிரிக்கப் பார்த்தால் பூச்சு உரிந்து ஊசி ஊசியாக வெளிச்சம் வரும். அதைச் சரிசெய்ய வழி இல்லை. மதியச் சூட்டில், சாணுக்குச் சாண் கையால் பிரித்து, பிரிந்த இடத்தில் முகப் பவுடர் தூவிக்கொண்டே இறக்க வேண்டும். பிறகு சில துளி பாத்திர சோப்பு கலந்த ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் பிழிந்த ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழே, அதன்பின் வெறும் தண்ணீர்த் துணியால். முழுக்க இறக்கிய நிலையிலேயே மாலை வரை விட்டுவிட வேண்டும். பிளாக்அவுட் துணியை இயந்திரத்தில் போடவோ, முறுக்கிப் பிழியவோ, பூச்சுப் பக்கம் இஸ்திரி வைக்கவோ கூடாது. சுருட்டும்போது ஒரு பக்கமாக ஏறினால், ஏறும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் குழாயில் இரண்டு சுற்று டேப் ஒட்டினால் நேராகும்.

நடு அறை வெனிஷியன் பிளைண்டில் பட்டைகள் அலுமினியம். மேல்பெட்டியும் உள்ளே திருகும் தண்டும் பெரும்பாலும் இரும்பு. இறுகியபோது தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். எண்ணெயில் உப்பும் மணலும் குழைந்து பசையாகிவிட்டது. பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எடுத்து, காய்ந்தபின் சிலிகான் ஸ்பிரே மிகக் குறைவாக. கழற்றித் தொட்டியில் முக்கிக் கழுவும் வழக்கம் இங்கே ஆகாது. மேல்பெட்டிக்குள் நுழைந்த தண்ணீர் வெளியே வராது. பட்டையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கிவிட்டது. துடைக்கலாம், திருப்ப முடியாது. திறந்த நிலையில் துடைத்தால் பட்டை வளையும். மூடிய நிலையில் ஒரு பக்கம் துடைத்து, மறுபடி திருப்பி மூடி மறுபக்கம்.

செங்குத்துப் பட்டை பிளைண்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ஒவ்வொரு பட்டையின் அடியிலும் இருக்கும் கனத்தின் பிளாஸ்டிக் உறை விரிசல் விட்டிருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இரும்புத் தகடு என்றால், துரு துணியின் அடிப்பக்கத்திலிருந்து மேலே ஏறும்.

கொசுவலை உப்பை வடிகட்டும் சல்லடை. அதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் ஒற்றியெடுத்தால் உள்ளே இருக்கும் ஸ்கிரீனின் உப்பில் கணிசமான பங்கு குறையும். அரை வாளித் தண்ணீரில் முடிகிற வேலை.

எப்போது

கச்சான் ஓயும் புரட்டாசிக் கடைசியில், மழை தொடங்கும் முன் ஒருமுறை முழுத் துவைப்பு. அப்போது துவைத்தால்தான் உப்பில்லாத துணி வாடைக் காலத்துக்குள் நுழையும். உப்பில்லாத துணியில் பூஞ்சைக்கு ஈரம் குறைவு. அடுத்தது தை கடைசி அல்லது மாசியில், தை அமாவாசைக் கூட்டம் கலைந்த பிறகு. ஆடி அமாவாசைக்கு முன் அவசர அவசரமாகத் துவைப்பது வாடகை அறைக்காரர்கள் வழக்கம். காற்று உச்சத்தில் இருக்கும் அந்த நாட்களில் உதறித் துடைத்து விடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். கம்பி அல்லது டிராக்கை மட்டும் மாதம் இருமுறை ஈரத் துணியால் துடைத்து உடனே காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். இரும்புக் கம்பி மாறும்வரை கார் மெழுகு ஒரு பூச்சு.

இந்த வீட்டில் வடக்கு அறைப் பால்கனியில் முதலில் செய்ய வேண்டியது, 6 அடி உயரத்தில் இரண்டு நைலான் கொடி. அறைக் கதவின் உள்பக்கம் "ஈரத்துணிக்குக் கொடி பால்கனியில்" என்று தமிழிலும் இந்தியிலும் ஒரு அட்டை. வடக்கே இருந்து வருகிறவர்கள் அதிகம்.

தெற்குப் பால்கனி மூங்கில் திரையை மட்டும் இந்த முறை தொட வேண்டாம். அதைத் தூக்கும் நைலான் கயிறு வெயிலில் நைந்து, விரலால் தேய்த்தாலே தூளாகிறது. கழற்றினால் குச்சிகள் குவியலாகத்தான் கீழே வரும். புரட்டாசியில் பாலியெஸ்டர்க் கயிறு வாங்கிய அன்றைக்கு இறக்கி, காய்ந்த பிரஷால் தட்டி, குச்சிகளில் ஊசித்துளையும் அடியில் மாவு போன்ற தூளும் இருக்கிறதா பார்க்க வேண்டும். இருந்தால் வண்டு. கயிற்றுக்குச் செலவழிக்காமல் பனை ஓலைத் தட்டிக்குச் சொல்லிவிடலாம்.